ஃபயர்பாக்ஸ் நைட்லி கிராஷ் ஆகும்போது: காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபயர்பாக்ஸ் உலாவியின் அன்றாடச் சோதனைப் பதிப்பான நைட்லி திடீரென்று மூடிக்கொண்டால் (அதாவது கிராஷ் ஆனால்), பலர் உடனே அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால், அமைப்புகள், புத்தகக்குறிகள், நீட்சிகள் (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்கள்) எல்லாம் அடங்கிய புரொஃபைலையே அழித்துவிடுகிறார்கள். இவை இரண்டும் கடைசியாகச் செய்ய வேண்டியவை. மறுபடி நிறுவினால் வேறொரு பதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பதிப்பில் கோளாறு இருந்தது என்று சொல்ல முடியாமல் போகும். புரொஃபைலை அழித்தால், கோளாறைத் தூண்டியது எந்த அமைப்பு, எந்த நீட்சி என்பதும் அதோடு அழிந்துவிடும். கிராஷ் ஆகும் கணத்திலேயே உலாவி ஓர் அறிக்கையை வட்டில் எழுதி வைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் நிரலாளர்கள் இன்று சேர்க்கும் நிரல் இன்றோ நாளையோ நைட்லியாக உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. வழக்கமாக நாளுக்கு இரண்டு பதிப்புகள் வெளியாகும். இங்கே ஏறக்குறைய நான்கு வாரம் ஓடிய பிறகு அந்த நிரல் அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பான பீட்டாவுக்குப் போகிறது. அங்கிருந்து பொதுப் பதிப்புக்கு. நைட்லியில் நீங்கள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கிராஷ், பொதுமக்கள் கையில் இருக்கும் உலாவியைத் தொடாமலே போய்விடக்கூடும். ஆகவே கொஞ்சம் பொறுமை காட்டுவது வீண் போகாது.

கீழே வரும் முகவரிகளையும் அமைப்புகளின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முகவரிப் பட்டையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள்.

தொடங்குமுன்

புத்தகக்குறிகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வையுங்கள். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து நைட்லிக்கும் பொதுப் பதிப்புக்கும் தனித்தனிப் புரொஃபைல்கள் உண்டு. நைட்லியின் புரொஃபைலைப் பொதுப் பதிப்பில் திறக்க முயன்றால், பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள் என்று உலாவி எச்சரித்துத் தடுக்கும். அந்தத் தடுப்பை மீறாதீர்கள். புதிய பதிப்பு மாற்றி எழுதிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதல் படி: என்ன நின்றது என்று பாருங்கள்

ஃபயர்பாக்ஸ் இன்று ஒற்றை நிரலாக ஓடுவதில்லை. புராசஸ் எனப்படும் பல பகுதிகளாகப் பிரிந்து ஓடுகிறது. சாளரம், பட்டியல், சேமிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் முதன்மைப் புராசஸ் ஒன்று. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஓடும் உள்ளடக்கப் புராசஸ்கள் பல. விண்டோஸில் திரையில் வரையும் வேலைக்கு ஜிபியு புராசஸ் என்று தனியாக ஒன்று. எது விழுந்தது என்பதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

முழுச் சாளரமும் மறைந்து, அறிக்கை அனுப்பச் சொல்லும் சிறு பெட்டி வந்தால் முதன்மைப் புராசஸ் விழுந்திருக்கிறது. ஒரு டேப்பில் மட்டும் கிராஷ் செய்தி வந்து மற்றவை ஓடினால், அந்தத் தளத்தின் உள்ளடக்கப் புராசஸ். திரை ஒரு கணம் கறுத்து மறுபடி தெளிந்தால், பெரும்பாலும் ஜிபியு புராசஸ் விழுந்து தானாக எழுந்திருக்கிறது. திரையில் வரையும் வன்பொருளை இயக்கும் நிரலான கிராஃபிக்ஸ் டிரைவர் மீது சந்தேகம் கொள்ள இது நல்ல முகாந்திரம்.

சாளரம் அப்படியே உறைந்து நிற்பது கிராஷ் அல்ல. எந்த டேப் கணினியின் செயலியை (சிபியு) விழுங்குகிறது என்று 'அபவுட்:புராசஸஸ்' பக்கத்தில் பாருங்கள். இன்னொரு வகையும் உண்டு. உலாவியை மூடிய பிறகும் அது பின்னணியில் முடியாமல் கிடந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதற்கும் ஓர் அறிக்கை எழுதும். 'நான் மூடிய பிறகுதான் கிராஷ் பெட்டி வந்தது' என்று சொல்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

லினக்ஸில் எந்தப் பெட்டியும் வராமல் சாளரம் மாயமானால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பதிவைப் பாருங்கள். நினைவகம் தீர்ந்தபோது கெர்னலே உலாவியைக் கொன்றிருந்தால் அங்கே ஒரு வரி இருக்கும். அந்த நிலையில் ஃபயர்பாக்ஸுக்கு அறிக்கை எழுத நேரமே கிடைத்திருக்காது.

இரண்டாம் படி: அறிக்கையைக் கையில் எடுங்கள்

'அபவுட்:கிராஷஸ்' பக்கத்தைத் திறங்கள். அனுப்பியவை, அனுப்பாதவை என்று இரண்டு பகுதிகள் இருக்கும். அனுப்பாததை அங்கிருந்தே அனுப்பலாம். அனுப்பினால்தான் மொசில்லாவின் சேவையகம் அதைப் பிரித்து, எந்த நிரல் வரியில் விழுந்தது என்று காட்டும். உங்கள் வட்டில் இருக்கும் கோப்பில் வெறும் எண்கள்தான்.

ஒவ்வோர் அறிக்கைக்கும் 'பிபி' என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் உண்டு. அதன் கடைசி ஆறு இலக்கங்கள் தேதி: ஆண்டு, மாதம், நாள். 250314 என்று முடிந்தால் அது 2025 மார்ச் 14ஆம் நாளின் அறிக்கை. பல அறிக்கைகள் குவிந்திருக்கும்போது, எது எந்தப் புதுப்பிப்புக்குப் பின் வந்தது என்று வரிசைப்படுத்த இது ஒன்றே போதும்.

அறிக்கையில் நினைவகத்தின் ஒரு பகுதியும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தின் முகவரியைச் சேர்ப்பதற்குத் தனித் தேர்வுப் பெட்டி இருக்கிறது. அந்த முகவரியைப் பொதுவில் காட்டமாட்டார்கள். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பார்க்கலாம். என்றாலும் வங்கிப் பக்கத்திலோ மருத்துவப் பக்கத்திலோ இருந்தபோது கிராஷ் ஆகியிருந்தால் அந்தத் தேர்வை எடுத்துவிடுவதே நல்லது. மற்ற நேரங்களில் சேர்த்து அனுப்புங்கள். கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்க்க அதைவிடப் பயனுள்ள துப்பு இல்லை.

பட்டியல் காலியாக இருந்தால், அறிக்கை எழுதும் கருவி வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். 'அபவுட்:கிராஷ்கன்டென்ட்' என்று அடித்தால் அந்த டேப் வேண்டுமென்றே கிராஷ் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: அறிக்கையைப் படியுங்கள்

அனுப்பிய அறிக்கையின் எண்ணைச் சொடுக்கினால் மொசில்லாவின் கிராஷ் புள்ளிவிவரத் தளம் திறக்கும். நிரலாளர் அல்லாதவருக்கு அந்தப் பக்கம் மிரட்டலாகத் தெரியும். அதில் ஐந்தாறு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்; பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். ஆகவே இங்கே சற்று நின்று போவோம்.

மேலே முதலில் நிற்பது சிக்னேச்சர். எந்த நிரல் பகுதியில் ஓட்டம் நின்றதோ அதன் பெயர். உலகில் வேறு யாருக்காவது இதே இடத்தில் விழுந்திருந்தால் அவர்களுடைய அறிக்கைகளும் இதே பெயரில் சேரும். உங்களிடம் இருக்கும் மூன்று நான்கு அறிக்கைகளைத் திறந்து சிக்னேச்சர்களை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒன்றேயானால் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. அது நல்ல செய்தி, பிடித்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயராக, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தால் வன்பொருள் மீதுதான் முதல் சந்தேகம் போக வேண்டும்.

சிக்னேச்சர் 'ஓஓஎம்' என்று தொடங்கினால் நினைவகம் தீர்ந்துபோயிற்று என்று பொருள். 'ஷட்டவுன்ஹேங்' என்று தொடங்கினால், மேலே சொன்ன, மூட முடியாமல் தவித்த வகை. '.டிஎல்எல்' என்று முடியும் ஒரு கோப்பின் பெயர் சிக்னேச்சரில் நின்று, அது கிராஃபிக்ஸ் டிரைவருடையதாகவோ வைரஸ் தடுப்பு நிரலுடையதாகவோ இருந்தால், தேட வேண்டிய இடம் ஃபயர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது.

அடுத்து 'அப்டைம்' வரி. உலாவி திறந்து எத்தனை வினாடியில் விழுந்தது என்று சொல்லும். சில வினாடிகள் என்றால் தொடக்கத்திலேயே கோளாறு. பல மணி நேரம் என்றால் நினைவகம் மெல்ல மெல்ல நிரம்பியிருக்கலாம்.

அதன் பின் கிராஷ் முகவரி. பூச்சியமோ அதற்கு மிக அருகிலுள்ள சிறிய எண்ணோ இருந்தால், இல்லாத ஒரு பொருளை நிரல் தொட முயன்றிருக்கிறது. பெரும்பாலும் சாதாரண நிரல் பிழை. 'இ5' என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால் விஷயம் வேறு. விடுவித்த நினைவகத்தை ஃபயர்பாக்ஸ் வேண்டுமென்றே அந்த எண்ணால் நிரப்பி வைக்கிறது. விட்டுவிட்ட இடத்தை நிரல் மறுபடி தொட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இவ்வகைப் பிழைகள் பாதுகாப்பு ஓட்டைகளாக மாறக்கூடியவை. இதை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

பயன்பாட்டுக்கு மீதமிருந்த நினைவகம், மீதமிருந்த பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் ஒதுக்கும் இடம்) ஆகிய இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அறிக்கை காட்டும் திசையில் போங்கள்

*நினைவகம்.* 'ரேம் 16 ஜிபி இருக்கிறது, பாதி காலியாகத்தான் இருந்தது, பிறகு எப்படி நினைவகம் தீரும்?' என்று விண்டோஸ் பயனர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஒரு நிரல் நினைவகம் கேட்டால், அதை எப்போது வேண்டுமானாலும் கொடுக்க முடியும் என்ற உறுதியோடுதான் விண்டோஸ் ஒதுக்கும். அந்த உறுதியின் எல்லை, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. பல நிரல்கள் பயன்படுத்தாமலே இடத்தைப் பிடித்து வைத்திருந்தால், ரேம் காலியாக இருக்கும்போதே எல்லை தொட்டுவிடும். அடுத்து கேட்ட நிரலுக்கு இடம் கிடைக்காது, உலாவி விழும். பேஜ் ஃபைலை அணைத்தாலோ சிறிதாகக் குறுக்கினாலோ கணினி வேகமாகும் என்ற அறிவுரையை நம்பிச் செய்திருந்தால், அதை முதலில் திருப்புங்கள். பேஜ் ஃபைலின் அளவை விண்டோஸே தீர்மானிக்க விட்டு, சி வட்டில் சில ஜிபி காலியிடம் வைத்தாலே இவ்வகைக் கிராஷ்கள் பல நின்றுவிடும். இந்தச் சிக்கலுக்காக 2022இல் ஃபயர்பாக்ஸின் 105ஆம் பதிப்பிலேயே மாற்றம் செய்தார்கள். ஆனால் வட்டில் இடமே இல்லாத கணினியில் எந்த மாற்றமும் செல்லாது.

இடம் போதுமான அளவு இருந்தும் 'ஓஓஎம்' வந்தால் 'அபவுட்:மெமரி' பக்கத்தில் அளந்து, எந்தத் தளம் அல்லது நீட்சி ஊதிப்போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவீட்டைக் கோப்பாகச் சேமித்து வைத்தால் பிழையறிக்கையோடு இணைக்கலாம்.

*கிராஃபிக்ஸ்.* முதலில் டிரைவர். மடிக்கணினியானால் தயாரிப்பாளரின் தளத்திலும், மேசைக்கணினியானால் இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்களிலும் புதிய டிரைவரைத் தேடுங்கள். டிரைவர் புதுப்பித்த நாளிலிருந்துதான் கிராஷ் தொடங்கியது என்றால் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

பிறகு அமைப்புகளில் செயல்திறன் பகுதிக்குப் போய், பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளைப் பயன்படுத்தும் தேர்வை நீக்கினால், வன்பொருள் முடுக்கத்தை (வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் வன்பொருளிடம் ஒப்படைப்பதை) அணைக்கும் தேர்வு தெரியும். அணைத்துவிட்டு உலாவியை மறுபடி திறங்கள். கிராஷ் நின்றதா? அங்கேயே நிறுத்தாதீர்கள், ஏனெனில் இது நிரந்தரத் தீர்வு அல்ல. காணொளி பார்க்கும்போது மட்டும் விழுந்திருந்தால், முடுக்கத்தை மறுபடி இயக்கிவிட்டு, 'அபவுட்:கன்ஃபிக்' பக்கத்தில் 'மீடியா.ஹார்ட்வேர்-வீடியோ-டிகோடிங்.எனேபிள்டு' என்ற ஒன்றை மட்டும் 'ஃபால்ஸ்' ஆக்கிப் பாருங்கள். அதிலும் நின்றால், கோளாறு காணொளியை விரிக்கும் பகுதியில் என்று குறுகிவிடுகிறது. மற்ற பக்கங்கள் முழு வேகத்திலேயே ஓடும்.

*வெளியிலிருந்து நுழையும் கோப்புகள்.* விண்டோஸில் வைரஸ் தடுப்பு நிரல்கள், திரைப்பதிவு நிரல்கள், தட்டச்சு உதவி நிரல்கள் சில, தம் கோப்பை ஃபயர்பாக்ஸுக்குள் செருகுகின்றன. உலாவியின் உள்ளமைப்பு நைட்லியில் அன்றாடம் மாறுவதால் இந்தச் செருகல் முதலில் உடைவது இங்கேதான். 'அபவுட்:தேர்ட்-பார்ட்டி' பக்கம் அப்படி நுழைந்த ஒவ்வொரு கோப்பையும், அது யாருடையது என்பதையும் காட்டும். சந்தேகப்படும் கோப்பை அங்கேயே தடுத்து, உலாவியை மறுபடி தொடங்கிச் சோதிக்கலாம்.

*வன்பொருள்.* ஒவ்வொரு முறையும் சிக்னேச்சர் மாறுகிறது, மற்ற நிரல்களும் அவ்வப்போது காரணமின்றி விழுகின்றன என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற சோதனைக் கருவி கொண்டு ஓர் இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதியுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலில்) நினைவகத்தை அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்படி அமைத்திருந்தால், இயல்பான வேகத்துக்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில தேவைக்கு மிகுந்த மின்னழுத்தத்தால் நிலைகுலைகின்றன என்று அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, செயலியின் உள் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தச் செயலி உங்களிடம் இருந்தால் பயாஸைப் புதுப்பிக்காமல் ஃபயர்பாக்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஐந்தாம் படி: சிக்கல் தீர்க்கும் பயன்முறை

உதவிப் பட்டியலில் இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தாலும் வரும். மேக்கில் ஆப்ஷன் விசை. இதில் கிராஷ் நின்றதும் 'நீட்சிதான் காரணம்' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். இந்தப் பயன்முறை நீட்சிகளை மட்டும் நிறுத்துவதில்லை. வன்பொருள் முடுக்கத்தையும் நிறுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்டை வேகப்படுத்தும் ஜேஐடி தொகுப்பியையும் நிறுத்துகிறது. கருப்பொருளும் இயல்பு நிலைக்குப் போகிறது. இத்தனையில் எது காரணம் என்று அது சொல்லாது.

ஆகவே வழக்கமான பயன்முறைக்குத் திரும்பி, நீட்சிகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். கிராஷ் நின்றால் பாதி நீட்சிகளை இயக்குங்கள். வந்தால் காரணம் அந்தப் பாதியில். வராவிட்டால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் இருபது நீட்சிகளையும் ஐந்து சோதனைகளில் முடித்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதைக் கைவிடாதீர்கள். டிரைவரையும் புதுப்பித்து, நீட்சியையும் நீக்கி, முடுக்கத்தையும் அணைத்த பிறகு கிராஷ் நின்றால், எதனால் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

நைட்லியில் சோதனை வசதிகளுக்கெனத் தனிப் பகுதி அமைப்புகளில் உண்டு. ஆர்வத்தில் இயக்கிய வசதிகளை அங்கே அணைத்துப் பாருங்கள். 'அபவுட்:சப்போர்ட்' பக்கம், நீங்கள் மாற்றிய முக்கிய அமைப்புகளை ஒரே பட்டியலாகக் காட்டும். எப்போதோ மாற்றி மறந்துபோன ஒரு வரி அங்கே சிக்குவதுண்டு.

ஆறாம் படி: புதிய புரொஃபைல்

'அபவுட்:புரொஃபைல்ஸ்' பக்கத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கித் திறங்கள். பழையதை அழிக்க வேண்டாம். புதியதில் கிராஷ் வராவிட்டால் பழைய புரொஃபைலில் ஏதோ கெட்டிருக்கிறது. புத்தகக்குறித் தரவுத்தளம் சரியா என்று 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தின் கீழ்ப்பகுதியில் சரிபார்க்கலாம். புதியதிலும் வந்தால் புரொஃபைலுக்குத் தொடர்பில்லை, பழையதிலேயே தொடருங்கள்.

திறக்கவே முடியவில்லை என்றால்

திறந்த உடனே விழும் நைட்லியால் பல நேரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் போகும். காலையில் வந்த உடைந்த பதிப்பை மாலையில் திருத்தியிருப்பார்கள். உங்கள் கணினிக்கு மட்டும் அது வந்து சேராமல் இருக்கலாம். வேறொரு உலாவியில் நைட்லியின் புதிய நிறுவியை இறக்கி, பழையதை நீக்காமல் அதன் மேலேயே நிறுவுங்கள். புரொஃபைல் அப்படியே இருக்கும்.

மீட்டெடுக்கும் டேப்களில் ஒன்றே காரணமாக இருந்தால், அடுத்தடுத்து விழுந்த பிறகு எந்த டேப்களைத் திறக்கலாம் என்று கேட்கும் பக்கம் வரும். கிராஷ் ஆனபோது கடைசியாகப் பார்த்த டேப்பின் தேர்வை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைத் திறங்கள்.

ஏழாம் படி: எந்த நாளில் உடைந்தது?

நேற்றுவரை ஓடியது, இன்று விழுகிறது என்றால், அதற்கென்றே மொசில்லா 'மொஸ்ரெக்ரெஷன்' என்ற கருவியை வைத்திருக்கிறது. சாளரத்தோடு இயங்கும் வடிவமும் உண்டு. கட்டளை வரி தெரிய வேண்டியதில்லை. நன்றாக ஓடிய ஒரு தேதியையும் உடைந்த ஒரு தேதியையும் கொடுத்தால், நடுவிலுள்ள நாளின் நைட்லியைத் தானே இறக்கித் தனிப் புரொஃபைலில் திறக்கும். கிராஷை வரவழைத்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்வது மட்டுமே உங்கள் வேலை. ஒரு மாத இடைவெளியைக்கூட ஐந்தாறு சோதனைகளில் ஒரே நாளுக்குச் சுருக்கிவிடும். அதன் பின் அந்த நாளுக்குள் சேர்ந்த மாற்றங்களுக்குள்ளும் தேடி, குறிப்பிட்ட சில மாற்றங்களில் கொண்டுபோய் நிறுத்தும்.

உங்களால் நினைத்தபோது வரவழைக்க முடிகிற கிராஷுக்கு மட்டுமே இது பொருந்தும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வரும் கிராஷை வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம். தவறாக ஒருமுறை 'நல்லது' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு விடையும் தவறான பாதியில்தான் தேடும்.

எட்டாம் படி: பக்ஸில்லாவில் தெரிவியுங்கள்

பக்ஸில்லா என்பது மொசில்லாவின் பிழைப் பதிவுத் தளம். சிக்னேச்சர் பக்கத்திலேயே, அங்கே பதிவான தொடர்புள்ள பிழைகளின் பட்டியல் இருக்கும். உங்கள் கிராஷ் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், 'எனக்கும் வருகிறது' என்று மட்டும் எழுதாமல், அங்கே இல்லாத ஒரு தகவலைச் சேருங்கள்: வரவழைக்கும் வழி, டிரைவர் பதிப்பு, மொஸ்ரெக்ரெஷன் முடிவு. பதிவாகவில்லை என்றால் அறிக்கைப் பக்கத்திலிருந்தே புதிய பிழையைத் தொடங்கலாம். சிக்னேச்சரும், விழுந்த இடத்துக்கு நிரல் எந்த வழியாக வந்தது என்ற நிரல் பாதையும் தானாக நிரம்பிவிடும்.

நீங்கள் எழுத வேண்டியது, வரிசையாக என்ன செய்தால் விழுகிறது என்பதே. 'இணையம் பார்க்கும்போது விழுகிறது' என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால் விழுகிறது. ஐந்து முறையில் நான்கு முறை' என்பது பொன்னான வாக்கியம். இலக்கணம் சரியில்லாத எளிய ஆங்கிலமே போதும். படிகள் தெளிவாக இருந்தால் சரி. 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தின் உரையைப் படியெடுத்துக் கோப்பாக இணையுங்கள். அதில் பில்டு ஐடி என்ற 14 இலக்க எண் இருக்கிறது. முதல் எட்டு இலக்கங்கள் பதிப்பு உருவான தேதி, மீதி நேரம். எந்த நைட்லி என்று அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

கிராஷ் முகவரியில் 'இ5' வரிசை இருந்தாலோ, ஒரு தளத்தைத் திறப்பதே கிராஷை வரவழைத்தாலோ, பாதுகாப்புப் பிரச்சினை என்ற தேர்வுப் பெட்டியைக் குறித்த பிறகே அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை அந்தப் பிழை பொதுமக்கள் கண்ணில் படாது. விவரத்தை வேறெங்கும் பகிரவும் வேண்டாம்.

பதிவு செய்த பிறகு மின்னஞ்சலைக் கவனியுங்கள். நிரலாளர் கூடுதல் தகவல் கேட்டு, பதில் வராமலே மூடப்படும் பிழைகள் நிறைய. 'திருத்தப்பட்டது' என்ற நிலை வந்ததும், அதற்குப் பிந்தைய பில்டு ஐடி கொண்ட நைட்லி வரும்வரை காத்திருந்து, அதே படிகளைச் செய்து பார்த்து, நின்றுவிட்டது என்றோ இன்னும் வருகிறது என்றோ ஒரு வரி எழுதுங்கள். பிறகு, கிராஷைத் தவிர்க்க நீங்கள் மாற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள்: அணைத்த முடுக்கம், 'ஃபால்ஸ்' ஆக்கிய காணொளி அமைப்பு, தடுத்த கோப்பு. 'அபவுட்:கன்ஃபிக்' பக்கத்தில் மாற்றிய வரிகள் தடித்த எழுத்தில் நிற்கும். வலப்பக்கத்து அம்புக்குறியைச் சொடுக்கினால் இயல்பு நிலைக்குப் போய்விடும்.